ஆம்ப் மீட்டர் முள் இறங்கினால் பயப்பட வேண்டாம்

(வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவரின் வானொலி உரை)

வழக்கமாக நெல்லைப் பற்றியோ உளுந்தைப் பற்றியோ உங்களோடு பேசுவேன். இன்றைக்கு டிராக்டர் பேட்டரியைப் பற்றிப் பேசப் போகிறேன். "இது மெக்கானிக் சமாச்சாரமாயிற்றே, இவருக்கு என்ன வந்தது?" என்று நீங்கள் நினைக்கலாம். நாற்றுப் பறித்து முடி கட்டியாகி விட்டது. நடவாட்கள் வரப்பில் வந்து நிற்கிறார்கள். கடைசி உழவு ஓட்ட வேண்டிய டிராக்டரோ, சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சப்தம் போட்டுவிட்டு நின்று விடுகிறது. அன்றைக்குக் கெடுவது உங்கள் நடவு. ஆகையால் இதுவும் விவசாயச் சமாச்சாரம்தான்.

எங்கள் வட்டாரத்தில் ஒரு பெரியவர். சொந்த டிராக்டர் வைத்து, தன் நிலத்தையும் உழுது, வாடகைக்கும் ஓட்டுகிறவர். ஒரு கோடையில் என்னைப் பார்த்து, "சார், வாரா வாரம் பேட்டரியில தண்ணி குறையுதுங்க. ஊத்தி ஊத்தி மாளலே. இது எதனாலங்க?" என்று கேட்டார். நான் டிராக்டரைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு ஒழுங்காக எரிந்து ஒழுங்காக அணைந்தது. "வெயில் காலம்ங்க ஐயா, தண்ணி குறையத்தான் செய்யும். டிஸ்டில்டு வாட்டர் ஊத்திக்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு வந்து விட்டேன். அந்தப் பதில் தப்பு. அதனால் என்ன விளைந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் பேட்டரிக்குள் மின்சாரம் எப்படி ஏறுகிறது என்று பார்த்து விடுவோம்.

தஞ்சைப் பக்கத்து விவசாயிகளிடம் ரெகுலேட்டர் என்றால் அவர்களுக்கு ஆற்றுக்குக் குறுக்கே ஷட்டர் போட்ட கட்டுமானம்தான் நினைவுக்கு வரும். கல்லணையில் காவிரிக்கு ஒன்று, வெண்ணாற்றுக்கு ஒன்று இருக்கிறது அல்லவா, அதுதான். ஆல்ட்டர்னேட்டரில் இருக்கும் ரெகுலேட்டரும் ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்கிறது.

ஒரு வாய்க்கால் என்று வைத்துக் கொள்ளுங்கள். பக்கத்தில் வயல். நடுவே ஒரு மடை. வாய்க்காலில் தண்ணீர் நிற்கிற மட்டம்தான் வோல்டேஜ். மடை வழியே பாய்கிற தண்ணீரின் அளவுதான் ஆம்பியர், அதாவது கரண்ட். வயல்தான் பேட்டரி. வயல் காய்ந்து கிடக்கும்போது மடையைத் திறந்தால் தண்ணீர் குபுகுபு என்று பாயும். வயல் நிரம்ப நிரம்ப, வாய்க்கால் மட்டத்துக்கும் வயல் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் குறையும். பாய்ச்சலும் தானாகவே தணியும். இரண்டு மட்டமும் ஒன்றானால் தண்ணீர் போகாது. மடையை யாரும் அடைக்க வேண்டியதில்லை.

பேட்டரியிலும் இதேதான் நடக்கிறது. ரெகுலேட்டர் பேட்டரிக்குள் மின்சாரத்தைப் பிடித்துத் தள்ளுவது கிடையாது. 'இவ்வளவு ஆம்பியர் போகட்டும்' என்று அது அளந்து விடுவதும் கிடையாது. அது மட்டத்தை மாத்திரம் பார்த்துக் கொள்கிறது. 12 வோல்ட் பேட்டரி என்றால் சுமார் 14 வோல்ட், கொஞ்சம் முன்னே பின்னே. அந்த மட்டத்தில் எவ்வளவு கரண்ட் எடுத்துக் கொள்வது என்பதைப் பேட்டரியேதான் முடிவு செய்கிறது. பசியோடு இருந்தால் நிறைய எடுக்கும், வயிறு நிறைந்தால் நிறுத்திக் கொள்ளும்.

இது புரிந்தால் ஆம்ப் மீட்டரைப் பற்றிய பயம் போய்விடும். டிராக்டரை ஸ்டார்ட் செய்தவுடன் முள் 20 ஆம்பியர் பக்கம் ஏறும். கொஞ்ச நேரத்தில் இறங்கி நடுவுக்குப் பக்கத்தில் வந்து நின்று விடும். உடனே "சார்ஜ் ஏறலே" என்று ஆல்ட்டர்னேட்டரைக் கழற்றிக் கொண்டு பட்டறைக்கு ஓடுகிறவர்கள் பலர். கணக்குப் போட்டுப் பாருங்கள். செல்ஃப் மோட்டார் 250 ஆம்பியர் இழுக்கிறது, 5 விநாடி சுற்றுகிறது என்று வைத்துக் கொண்டால் 1250. ஒரு மணிக்கு 3600 விநாடி. வகுத்தால் 0.35 ஆம்பியர்-மணிதான் வருகிறது. உங்கள் பேட்டரி 88 ஆம்பியர்-மணி என்றால், ஒரு தடவை ஸ்டார்ட் செய்வதில் போவது நூற்றில் அரைப் பங்குகூட இல்லை. அதை ஈடு செய்ய 20 ஆம்பியரில் ஓரிரு நிமிடம் போதும். ஆகவே நல்ல பேட்டரியில் முள் சீக்கிரம் இறங்கத்தான் வேண்டும். நாள் முழுக்க உழுத பிறகும் முள் 10, 15 என்று மேலேயே நின்றால்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும்.

சரி, அந்த 14 வோல்ட் மட்டத்தை ரெகுலேட்டர் எப்படிப் பிடித்து நிறுத்துகிறது? என்ஜின் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. நிற்கும்போது நிமிடத்துக்கு 700 சுற்று, உழும்போது 1800, 2000 சுற்று. ஆல்ட்டர்னேட்டரைச் சும்மா விட்டால் வேகம் மூன்று மடங்கானதும் வோல்டேஜும் மூன்று மடங்காகப் பார்க்கும். பல்பெல்லாம் போய் விடும்.

ஆல்ட்டர்னேட்டருக்குள்ளே சுழல்வது ஒரு மின்காந்தம். அதற்கு ரோட்டர் என்று பெயர். அதைச் சுற்றி அசையாமல் நிற்கிற செப்புக் கம்பிச் சுருள்கள் ஸ்டேட்டர். காந்தம் சுற்றும்போது சுருள்களில் மின்சாரம் பிறக்கிறது. அது இப்படியும் அப்படியும் மாறி மாறி ஓடுகிற ஏ.சி. மின்சாரம். பேட்டரிக்கு அது ஆகாது. ஆகையால் டயோடு என்ற ஒருவழிக் கதவுகள் மூலம் அதை ஒரே திசையில் திருப்பி அனுப்புகிறார்கள். ரோட்டர் காந்தத்துக்கு வேண்டிய மின்சாரம் இரண்டு கார்பன் பிரஷ்கள் வழியாகப் போகிறது. இதைத்தான் பீல்டு கரண்ட் என்பார்கள். மிஞ்சினால் 3, 4 ஆம்பியர். ஆனால் அந்தக் காந்தத்தின் பலத்தைக் கூட்டிக் குறைத்தால், ஆல்ட்டர்னேட்டர் தரும் 35, 40 ஆம்பியர் முழுவதும் கைக்கு அடங்கி விடும். சின்ன அங்குசத்தால் யானையை ஆட்டி வைப்பது போலத்தான்.

ரெகுலேட்டர் கை வைப்பது இந்தப் பீல்டு கரண்டில்தான். வோல்டேஜ் 14-ஐத் தாண்டப் பார்த்தால் பீல்டைத் துண்டிக்கும். காந்தம் தளரும், வோல்டேஜ் இறங்கும். இறங்கியதும் மறுபடி இணைக்கும். துண்டிப்பதும் இணைப்பதுமாக ஒரு விநாடியில் பல தடவை இது நடக்கிறது. மதகில் நிற்கிற லஸ்கர் ஷட்டரை ஏற்றி இறக்கி மட்டத்தைக் காப்பாற்றுகிற மாதிரி, ஆனால் கண்ணிமைக்கிற நேரத்துக்குள். பழைய வகையில் ஒரு சுருளும், அதிர்ந்து அதிர்ந்து தொட்டு விலகும் பாயிண்டுகளும் இதைச் செய்தன. பாயிண்ட் தேய்ந்தால், கருகினால் வேலை கெடும். இப்போது வருவதில் அசைகிற உறுப்பே இல்லை. ஸீனர் டயோடு என்று ஒன்று வோல்டேஜைக் காவல் காக்கிறது. குறித்த அளவைத் தொட்டதும் அது வழி விடும், உடனே டிரான்ஸிஸ்டர் பீல்டை அணைத்து விடும்.

டைனமோ வைத்த பழைய டிராக்டர் ஓட்டியவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். "அந்தப் பெட்டிக்குள்ளே மூணு காயில் இருந்துச்சே, இதுல ஏன் ஒண்ணுதான்?" நியாயமான கேள்வி. டைனமோவில் ஒரு காயில் வோல்டேஜுக்கு. இன்னொன்று கரண்ட் மிஞ்சி டைனமோவே தீய்ந்து போகாமல் தடுக்க. மூன்றாவது கட்-அவுட், என்ஜின் நின்றதும் பேட்டரி மின்சாரம் திரும்பி டைனமோவுக்குள் பாயாமல் துண்டிக்க. ஆல்ட்டர்னேட்டரில் கட்-அவுட் வேலையை டயோடுகளே பார்த்துக் கொள்கின்றன. கரண்ட் விஷயத்திலோ, வேகம் கூடக் கூட ஸ்டேட்டர் சுருள்களே தம்மில் ஓடும் கரண்டுக்கு முட்டுக்கட்டை போடுகின்றன. 35 ஆம்பியர் ஆல்ட்டர்னேட்டரிடம் எவ்வளவு கேட்டாலும் சுமாராக அந்த அளவுக்கு மேல் தராது. இதனால்தான், டைனமோவைக் கழற்றி ஆல்ட்டர்னேட்டர் மாட்டுகிறவர்கள் பழைய மூன்று காயில் பெட்டியை அப்படியே வைத்துக் கொண்டு ஒப்பேற்றக் கூடாது. அதற்குரிய ரெகுலேட்டரே வேண்டும்.

ரொம்ப இறங்கிப் போன பேட்டரியில் இன்னொன்றையும் கவனிக்கலாம். முதலில் ஆல்ட்டர்னேட்டர் தன்னால் முடிந்த முழுக் கரண்டையும் கொடுக்கும். அப்படியும் வோல்டேஜ் 14-ஐத் தொடாது. அப்போது ரெகுலேட்டருக்கு வேலையே இல்லை, பீல்டு முழுக்கத் திறந்தபடி இருக்கும். பேட்டரி கணிசமாக ஏறிய பிறகுதான் மட்டம் 14-க்கு வரும், ரெகுலேட்டர் கை வைக்கும், கரண்ட் குறையத் தொடங்கும். கடைசி ஐந்தில் ஒரு பங்கு ஏறுவதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். கடைத்தெருவுக்குப் போய் வரும் அரை மணி ஓட்டத்தில் செத்த பேட்டரி நிறைந்து விடும் என்று எதிர்பார்க்காதீர்கள். வெளியே சார்ஜ் போட்டு மாட்டுவதே நல்லது.

இப்போது அந்தப் பெரியவரின் கதைக்கு வருகிறேன். நான் சொல்லிவிட்டு வந்த ஒரு மாதத்துக்குள், அவருடைய டிராக்டர் டிரைவர் காலையில் பேட்டரி கிளாம்ப் தளர்ந்திருக்கிறதென்று என்ஜின் ஓட ஓடவே அதை ஆட்டி இறுக்கியிருக்கிறார். ஒரு தீப்பொறி. அவ்வளவுதான், துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சப்தம். பேட்டரியின் ஒரு மூலை சிதறி, ஆசிட் முகத்தில் தெறித்து விட்டது. பக்கத்திலேயே பம்ப்செட் தொட்டி இருந்தது. கூட நின்றவர்கள் அவருடைய முகத்தை ஓடுகிற தண்ணீரில் பிடித்து, கண்ணைத் திறந்து திறந்து கால் மணி நேரத்துக்கு மேல் கழுவி, பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். கண் தப்பியது. கழுத்தில் தழும்பு இன்னமும் இருக்கிறது.

செய்தி கேட்டுப் போனேன். பெரியவர் என்னைக் கோபிக்கவில்லை. "ரெண்டு வருஷத்துல மூணாவது பேட்டரிங்க சார். போலிச் சரக்கு விக்கிறானுங்களா?" என்றுதான் கேட்டார். எனக்குத்தான் சுருக்கென்றது. வாரா வாரம் தண்ணீர் குறைகிறது என்று அவர் சொன்னபோதே நான் ஒரு மீட்டர் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். வேறொரு பேட்டரியை இரவல் வாங்கி மாட்டி, என்ஜினை வேகமாக ஓட்டி மல்டிமீட்டரை வைத்தேன். 15.6 வோல்ட்.

வாய்க்கால் மட்டம் வரப்புக்கு மேலே போய் விட்டது என்று அர்த்தம். பேட்டரி நிறைந்த பிறகும் இவ்வளவு வோல்டேஜ் இருந்தால், அந்த மின்சாரம் உள்ளே இருக்கும் தண்ணீரை உடைத்து ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிக்கும். இதைத்தான் 'ஆசிட் கொதிக்கிறது' என்கிறோம். தண்ணீர் குறைவது இதனால்தான். ஆசிட் குறைவதில்லை, அதனால்தான் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றச் சொல்கிறோம். ஹைட்ரஜன் ஒரு பொறி பட்டால் வெடிக்கும். கூடவே தகடுகள் அரிக்கப்பட்டு ஆயுளும் பாதியாகும். சாதாரண வெப்பத்தில் 14.4 வோல்ட் வாக்கில் குமிழி கிளம்ப ஆரம்பிக்கும். பேட்டரி சூடாகச் சூடாக அந்த எல்லை இன்னும் கீழே இறங்கும், 10 டிகிரி சூடு கூடினால் சுமார் கால் வோல்ட். நம்மூர் சித்திரை வெயிலில், என்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பேட்டரிக்கு 13.8-லிருந்து 14.2 வரை இருந்தாலே தாராளம். ஆக, வெயிலில் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகக் குறையும் என்று நான் சொன்னது முழுப் பொய் அல்ல. ஆனால் வாரா வாரம் குறைவதற்கு வெயில் காரணம் அல்ல.

ரெகுலேட்டர் கெட்டு விட்டதா என்றால், அதுவும் இல்லை! இரண்டு வருஷத்துக்கு முன்னால் டிராக்டருக்குப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். தனியாக மாட்டியிருந்த ரெகுலேட்டரைக் கழற்றி, பெயின்ட் அடித்த இடத்தின் மேலேயே திருகிவிட்டார்கள். பாடி எர்த் அரைகுறையாகத்தான் கிடைத்திருக்கிறது. அந்த வகை ரெகுலேட்டரில் பீல்டு கரண்ட் அதன் எர்த் வழியாகத்தான் இறங்குகிறது. அந்த இடத்தில் அரை ஓம் தடையும் 3 ஆம்பியர் கரண்டும் என்று வைத்துக் கொண்டால், ஒன்றரை வோல்ட் அங்கேயே நின்று விடும். வெளியே 15.6 இருக்கும்போது ரெகுலேட்டரின் கண்ணுக்குத் தெரிவது 14.1-தான். 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று அது தன் வேலையை ஒழுங்காகச் செய்து கொண்டிருந்திருக்கிறது. உப்புத்தாள் போட்டுப் பெயின்டைச் சுரண்டி, நட்சத்திர வாஷர் வைத்து இறுக்கினோம். மீட்டர் 14.1 காட்டியது. செலவு என்று பார்த்தால் ஒரு வாஷர்தான். பேட்டரி விற்றவர்கள் பேரில் ஒரு தப்பும் இல்லை.

சிவப்பு விளக்கை நான் நம்பியதும் தப்பு என்று சொல்ல வேண்டும். சார்ஜ் ஏறாவிட்டால் அது எரியும். அளவுக்கு மேலே ஏறினால் அது வாயைத் திறக்காது. இன்னொரு விஷயம், சாவி போட்டவுடனே அந்த விளக்கு எரிகிறதா என்று தினமும் பாருங்கள். பல ஆல்ட்டர்னேட்டர்களில் முதல் பீல்டு கரண்ட் அந்தப் பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு போய்விட்டால் சார்ஜே தொடங்காமல் போகலாம்.

குறைவாக ஏறுவதும் கெடுதிதான். மட்டம் தாழ்ந்த வாய்க்காலில் தலைமடைக்குத் தண்ணீர் போகும், கடைமடை காயும். பேட்டரி எப்போதும் அரைகுறையாகவே இருந்தால் தகடுகளில் வெள்ளையாக உப்புப் படிந்து இறுகி விடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய பலம் வராது. இதற்கு முக்கியக் காரணம் தளர்ந்த பேன் பெல்ட். கட்டை விரலால் நடுவில் அழுத்தினால் சுமார் ஒரு சென்டிமீட்டர் அமுங்க வேண்டும், அவ்வளவுதான். விளக்குகளைப் போட்டதும் 'கீச்' என்று கத்தினால் பெல்ட் வழுக்குகிறது. அடுத்தது, பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப் போன டெர்மினல்கள். ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, துடைத்து, வாசலின் தடவுங்கள். அந்தச் சோடாத் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட பேட்டரிக்குள் போகக் கூடாது.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கி வீட்டில் வையுங்கள். இப்போது அது பெரிய விலை இல்லை. ராத்திரி முழுக்க நின்ற டிராக்டரில், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பேட்டரியில் வைத்துப் பாருங்கள். 12.6 இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. பிறகு ஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் நடுத்தர வேகத்தில் ஓட விட்டுப் பாருங்கள். 13.8-க்கும் 14.4-க்கும் இடையே நிற்க வேண்டும். இரண்டு முகப்பு விளக்கும், பின்னால் உழவு விளக்கும் போட்ட பிறகும் ரொம்ப இறங்கக் கூடாது. 55 வாட் விளக்கு இரண்டு என்றால் 9 ஆம்பியர்தான் ஆகும், ஆல்ட்டர்னேட்டர் அதைத் தாங்கும். ஆல்ட்டர்னேட்டர் முனையில் 14.2, பேட்டரி முனையில் 13.4 என்று வந்தால் கோளாறு நடுவே இருக்கும் ஒயரிலோ இணைப்பிலோதான். வேகத்தைக் கூட்டும்போது 14.8-ஐத் தாண்டினால் அந்த டிராக்டரை அப்படியே ஓட்ட வேண்டாம். முதலில் எர்த்தைப் பாருங்கள், அப்புறம் ரெகுலேட்டரை மாற்றலாம்.

டைனமோ காலத்துப் பழக்கம் ஒன்று இன்னும் ஊர்ப் பக்கம் இருக்கிறது. சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க, என்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றுவது. ஆல்ட்டர்னேட்டரில் இதைச் செய்யவே செய்யாதீர்கள். ஓடிக் கொண்டிருந்த கரண்ட் போக இடமில்லாமல் வோல்டேஜ் ஒரு நொடியில் எகிறி, டயோடுகளையும் ரெகுலேட்டரையும் தீய்த்து விடும். பேட்டரியை முனை மாற்றிக் கொடுத்தாலும் டயோடு போய்விடும். டிராக்டரிலோ அதில் மாட்டிய கலப்பையிலோ வெல்டிங் வைப்பதானால், முதலில் பேட்டரியையும் ஆல்ட்டர்னேட்டர் இணைப்பையும் கழற்றி விடுங்கள். ராத்திரியில் வழியில் நின்று விட்டால், ரெகுலேட்டரைத் தாண்டிப் பீல்டுக்கு 'டைரக்ட்' கொடுத்து ஊர் போய்ச் சேரும் கைவேலையும் உண்டு. அது பட்டறையில் சில விநாடி சோதித்துப் பார்ப்பதற்கு மாத்திரம் ஏற்ற வேலை. டைரக்ட் கொடுத்து வீடு வந்து சேர்ந்தவர் மறுநாள் புதுப் பேட்டரி வாங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

கழற்றும்போது என்ஜினை நிறுத்திவிட்டு முதலில் எர்த் முனை. மாட்டும்போது எர்த் கடைசி. தண்ணீர் மட்டம் பார்க்கத் தீக்குச்சியோ லைட்டரோ கிட்டே வரக் கூடாது, டார்ச் விளக்குப் போதும்.

பெரியவரின் டிராக்டரில் நாலாவதாக வாங்கிய பேட்டரி ஐந்தாவது வருஷம் ஓடுகிறது. போன மாதம் அந்த வழியாகப் போனபோது, "சார், இப்ப மூணு மாசத்துக்கு ஒரு தடவைதான் மூடியைத் திறக்கிறேன். தண்ணி ஊத்துற வேலை ரொம்ப இல்லீங்க" என்றார். மூடி இல்லாத, அடைத்த பேட்டரி வாங்கி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தண்ணீர் அடையாளமே கிடைக்காது. உள்ளே கொதித்தாலும் வெளியே தெரியாது. அவர்கள்தான் மாதம் ஒரு தடவை மறக்காமல் மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும்.